கதிரை பெரிது, கதைக்க ஆளில்லை

போன வருடம் மாரி தொடங்கிய நேரம், ஒரு நிதி நிறுவனத்தின் யாழ்ப்பாணக் கிளைக்குப் பொறுப்பான பெண் முகாமையாளர் என்னிடம் வந்தார். (அடையாளங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.) வாகனத்தை என் வாசலில் விடவில்லை. இரண்டு ஒழுங்கை தள்ளி நிறுத்திவிட்டு, குடையோடு நடந்து வந்திருந்தார். உளவளத்துணைக்கு வருகிறவர்கள் இங்கே அப்படித்தான் வருவார்கள், அது எனக்குப் பழக்கம். அவர் கேட்டதுதான் புதிது. நித்திரை வருகுதில்லை, நெஞ்சு படபடக்குது என்றெல்லாம் தொடங்கவில்லை.

"அக்கா, நேற்றுக் கூட்டத்தில நான் கதைச்சது சரியோ பிழையோ எண்டு கேக்க எனக்கு ஒருத்தரும் இல்லை."

கணவர் நல்ல மனிதர். ஆனால் அலுவலகக் கதை எடுத்தால் "அப்ப வேலையை விட்டிட்டு இருமன்" என்பாராம். தனக்குக் கீழே இருப்பவர்களிடம் கேட்டால், மேடம் தடுமாறுகிறார் என்று அடுத்த நாளே தேநீர் நேரத்துப் பேச்சாகிவிடும். கொழும்புத் தலைமை அலுவலகத்திடம் கேட்டால் பதவியுயர்வு நேரத்தில் அதை ஞாபகம் வைத்திருப்பார்கள்.

அதே கதிரையில் இருக்கும் ஆணுக்கு இந்தச் சிக்கல் இவ்வளவு இல்லை. மார்ச் மாதத்தில் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் நடக்கிற 'வடக்கின் பெரும் சமர்' கிரிக்கெட் போட்டிக்குப் போய்ப் பாருங்கள். கூடாரத்துக்குள் இருப்பவர்கள் எல்லோருமா ஆட்டத்தைப் பார்க்கிறார்கள்? எந்த இடம் வெற்றிடமாகப் போகிறது, எந்தப் பணிப்பாளரிடம் எதைக் கேட்டால் நடக்கும், சம்பளம் எவ்வளவு கேட்கலாம், எல்லாம் அங்கேதான். பிறகு கோயில் பரிபாலன சபை, செத்தவீட்டு முற்றத்துக் கதிரைகள். அதற்கு யாரும் வலையமைப்பு என்று பெயர் வைப்பதில்லை. நம் முகாமையாளரோ ஐந்தரைக்கு டியூஷன் வாசலில் பிள்ளைக்காகக் காத்து நிற்பார்.

பெண் அந்தக் கதிரையில் இருக்கலாமா என்ற கேள்வி நம் ஊரில் எப்போதோ முடிந்துவிட்டது. இமெல்டா சுகுமார் யாழ் மாவட்ட அரசாங்க அதிபராக இருந்தார், வசந்தி அரசரத்தினம் யாழ் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார், பி. எஸ். எம். சார்ள்ஸ் வடக்கின் ஆளுநராக இருந்தார். ஆனாலும் இலங்கையில் வேலை செய்யும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர்தான் தொழிற்படையில் இருக்கிறார். மேலே போகப்போக இன்னும் குறைவு. ஒரு நிறுவனத்தில் அந்த மட்டத்தில் ஒரே ஒரு பெண்தான் இருப்பார். அவர் பிழைவிட்டால் "பொம்பிளையளுக்கு இது சரிவராது" என்பார்கள். ஆண் விட்டால், அவர் விட்ட பிழை, அவ்வளவுதான்.

சரி, முகாமையாளரின் கதைக்கு வருகிறேன். அவருக்குத் தந்திருந்தது அறவிட முடியாக் கடன் குவிந்து கிடந்த ஒரு கிளை. அவருக்கு முன் இரண்டு பேர் மாற்றலாகிப் போயிருந்தார்கள். எட்டு மாதத்தில் நிலைமை திருந்தவில்லை, ஆகவே தனக்குத் திறமை இல்லை என்ற முடிவுக்கு வந்திருந்தார். சரிந்து கிடக்கும் இடமாகப் பார்த்துப் பெண்ணிடம் ஒப்படைப்பதற்கு ஒரு பெயர் உண்டு. மிஷெல் ரயன், அலெக்சாண்டர் ஹஸ்லம் என்ற இரு உளவியலாளர்கள் 2005இல் பிரித்தானியாவின் பெரிய கம்பனிகளை ஆராய்ந்தார்கள். பணிப்பாளர் சபைக்குப் பெண்ணை எடுத்த கம்பனிகளில், அதற்கு முந்திய மாதங்களில் பங்கு விலை தொடர்ந்து சரிந்திருப்பது கூடுதலாகக் காணப்பட்டது. பெண்களை மேலே ஏறவிடாத, கண்ணுக்குத் தெரியாத தடையான 'கண்ணாடிக் கூரை' நமக்குத் தெரியும். இதைக் 'கண்ணாடி மலைவிளிம்பு' என்றார்கள். ஏற்றிவிடுகிறார்கள்தான், ஆனால் விளிம்பில்.

இதை நான் விளக்கினேன். தலையாட்டினார், பெரிதாக ஒன்றும் மாறவில்லை. மாற்றியது வேறொன்று. அப்போது பூரணை விடுமுறைகளில் ஆறு பெண்கள் என் வீட்டு விறாந்தையில் கூடத் தொடங்கியிருந்தோம். வங்கி, வைத்தியசாலை, கூட்டுறவு, கல்வி என்று எல்லோருக்கும் ஒன்றாக லீவு வருவது பூரணையில்தான். ஒருநாள் அவரும் வந்தார். வங்கியில் இருக்கும் ஒருவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "கிளையைப் பொறுப்பெடுத்த அண்டைக்கு நிலுவை எவ்வளவு எண்டு எழுத்தில வாங்கினனீங்களோ?"

வாங்கவில்லை. வாங்கவேண்டும் என்று சொல்லித்தர ஆளும் இருக்கவில்லை. அடுத்த வாரம் பழைய நிலுவையையும் தன் காலத்தில் கொடுத்த கடனையும் பிரித்து அட்டவணை போட்டுத் தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார். தான் கொடுத்த கடன்கள் ஒழுங்காக வந்துகொண்டிருப்பதை அவரே அப்போதுதான் கண்டார். என்னுடைய நாலு அமர்வு செய்யாததை அந்தக் கேள்வி செய்தது. தொழில்ரீதியாக எனக்குக் கொஞ்சம் வெட்கம்தான்.

ஆறுதல் சொல்லத்தான் இப்படியான வட்டங்கள் என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு அந்த எண்ணத்தோடு உடன்பாடில்லை. அங்கே கிடைக்கும் பெரிய பொருள் தகவல், விண்ணப்பப் படிவத்திலும் நியமனக் கடிதத்திலும் இல்லாத தகவல். முகாமைத்துவப் பட்டம் முடித்தவர்களின் மின்னஞ்சல் தொடர்புகளை வைத்து அமெரிக்காவில் செய்த ஓர் ஆய்வு 2019இல் வெளியானது. ஆண்கள் உயர்ந்த பதவிக்குப் போகப் பலரோடும் தொடர்பு இருந்தாலே உதவியது. பெண்களுக்கு அதோடு இரண்டு மூன்று பெண்களைக் கொண்ட நெருங்கிய வட்டமும் தேவைப்பட்டது. அதுவும் அந்த இரண்டு மூன்று பேருக்கும் வெவ்வேறு ஆட்களைத் தெரிந்திருக்கும்போதுதான் பலன்.

இந்தக் கடைசி விடயத்தில்தான் யாழ்ப்பாணம் இடறுகிறது. நமக்குப் பழைய மாணவிகள் சங்கங்கள் இருக்கின்றன, அவை நல்லவை. ஆனால் முல்லைத்தீவில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் படித்து இங்கே முகாமையாளராக வந்தவருக்கு அங்கே கதிரை இல்லை. அடுத்தது, யாரைச் சந்தித்தாலும் மூன்றாவது கேள்வியில் சொந்தம் பிடித்துவிடுவோம். எங்கள் முதல் முயற்சி அப்படித்தான் குலைந்தது. ஒருவர் இடமாற்றம் கேட்க யோசிப்பதாகச் சொன்னது, இரண்டு நாளில் அவருடைய மாமியார் காதுக்குப் போய்விட்டது. பிறகு அவர் வரவேயில்லை. கூட்டியது நான், பிழை என்னுடையது.

இப்போது ஒரே நிறுவனத்திலிருந்து இருவரைச் சேர்ப்பதில்லை, நெருங்கிய சொந்தக்காரரையும் சேர்ப்பதில்லை. வாட்ஸ்அப் குழு கிடையாது. திகதியை மட்டும் குறுஞ்செய்தியில் அனுப்புவேன். ஒரு நாளைக்கு ஒருவருடைய விடயம் மட்டும். முதல் அரை மணித்தியாலம் கேள்வி மட்டும் கேட்கலாம், புத்திமதி சொல்லக்கூடாது. அக்காமாருக்கு இது எவ்வளவு கஷ்டம் என்று சொல்லவேண்டியதில்லை, எனக்கும்தான். ஆறு பேர் கிடைக்காவிட்டால் இரண்டு பேரோடு தொடங்குங்கள், வேறு வேறு துறையாக இருந்தால் போதும்.

வட்டத்தால் முடியாதவையும் உண்டு. வேலையிடத்தில் பாலியல் தொந்தரவு என்றால் அது முறைப்பாடாகப் போகவேண்டியது, விறாந்தையில் பேசி முடிக்கிற விடயம் இல்லை. இரண்டு கிழமைக்கு மேல் நித்திரை இல்லை, ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை என்றால் வைத்தியரிடம் போங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926. இரவிலும் எடுக்கலாம், வாகனத்தை எங்கே நிறுத்துவது என்று யோசிக்கத் தேவையில்லை.