8 ஜிபி போட்ட பிறகும் ‘நினைவகம் போதவில்லை’

கணினியில் ரேம் இருந்தும் ‘நினைவகம் போதவில்லை’ என்று ஒரு மென்பொருள் மறுப்பதைப் பார்ப்பது இந்த மாதத்தில் இது மூன்றாவது முறை என்பதால்தான் எழுத உட்கார்ந்தேன். சேலம் செவ்வாய்ப்பேட்டையில் மொத்த மளிகை வியாபாரம் செய்யும் ஒருவர், பில் போடும் மென்பொருளைப் புதிய பதிப்புக்கு மாற்றிய நாள் முதல், அதைத் திறந்தவுடன் ‘போதிய நினைவகம் இல்லை, குறைந்தது 3 ஜிபி தேவை’ என்ற அறிவிப்பு வந்து நின்றுவிடுகிறது என்று அழைத்தார். மென்பொருளை விற்றவர்களிடம் கேட்டதற்கு, ரேமைக் கூட்டச் சொல்லியிருக்கிறார்கள். அவரும் 4 ஜிபி இருந்த கணினியை 8 ஜிபி ஆக்கினார். அறிவிப்பு ஓர் எழுத்துக்கூட மாறாமல் அப்படியே வந்தது. நான் போய் நாற்காலியில் உட்காரும் முன்பே, "ஏனுங்க தம்பி, காசு குடுத்து வாங்குன ரேமு உள்ளாற இருக்குதுங்களா, இல்ல அந்தப் பையன் ஏமாத்திப்போட்டானுங்களா?" என்று கேட்டார்.

பையன் ஏமாற்றவில்லை. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் மொத்தம் 8 ஜிபி என்றும், அதில் 5 ஜிபிக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்ளலாம் என்றும் தெளிவாகவே இருந்தது. கோளாறு மென்பொருளில்தான், அதை எழுதியவர், கையிருப்பு எவ்வளவு என்று கேட்கக் கூடாத இடத்தில் போய்க் கேட்டிருக்கிறார். விண்டோஸில் ‘குளோபல்மெமரிஸ்டேட்டஸ்’ என்று, நினைவகம் எவ்வளவு என்று நிரல்கள் கேட்பதற்கான பழைய செயற்கூறு ஒன்று உண்டு. 2 ஜிபிக்கு மேற்பட்ட நினைவக முகவரிகளைக் கையாளத் தெரியும் என்று தன்னைப் பற்றி அறிவித்துக்கொள்ளாத ஒரு 32-பிட் நிரல் அதைக் கேட்டால், 2 ஜிபியோடு அதன் எண்ணிக்கை நின்றுவிடும். 4 ஜிபிக்கு மேற்பட்ட கணினிகளில் தவறான விடை வரலாம், −1 என்றுகூட வரலாம் என்று மைக்ரோசாஃப்ட்டின் ஆவணமே எச்சரிக்கிறது. சந்தேகம் வேண்டாம் என்று நானே சில வரிகளில் ஒரு சோதனை நிரல் எழுதி, 32-பிட்டாகத் தொகுத்து, அந்தக் கடையின் கணினியிலேயே ஓட்டிக் காட்டினேன். பழைய செயற்கூறு 2,147,483,647 பைட் என்றது. அதே பெயரின் கடைசியில் ‘எக்ஸ்’ சேர்ந்த புதிய செயற்கூறு, டாஸ்க் மேனேஜர் சொன்னதையே சொன்னது. இரண்டுக்கு மேல் எண்ணத் தெரியாதவரிடம் போய் மூன்று இருக்கிறதா என்று கேட்டால், 8 ஜிபி செருகினாலும் 32 ஜிபி செருகினாலும் விடை ஒன்றுதான்.

‘எக்ஸ்’ சேர்ந்த செயற்கூறு விண்டோஸ் 2000 காலத்திலிருந்தே இருக்கிறது. 64-பிட் எண்களில் விடை தருகிறது. அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: விடையை வாங்கிக்கொள்ளும் கட்டமைப்பின் நீளத்தை, அழைப்பதற்கு முன்பே அதன் முதல் புலத்தில் எழுதிவைக்க வேண்டும். எழுதாமல் அழைத்தால் அழைப்புத் தோற்கும். தோற்றதா என்று பார்க்காமல் உள்ளே இருக்கும் சுழியங்களை எடுத்துப் படித்து, ‘கையிருப்பு 0’ என்று வாடிக்கையாளரிடம் அறிவிக்கும் நிரல்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

இரண்டாவது வழக்கு சிவதாபுரத்தில் ஒரு கொலுசுப் பட்டறையின் வெள்ளிக் கணக்கு நிரல். அதை விரைவாகச் சொல்லிவிடலாம். டபிள்யூஎம்ஐ (கணினியின் விவரங்களைக் கேட்க விண்டோஸிலேயே உள்ள வசதி) வழியாகக் கேட்டால் விண்டோஸ் தன் கையிருப்பைக் கிலோபைட்டில் சொல்கிறது. நிரலை எழுதியவர் அதைப் பைட் என்று எடுத்துக்கொண்டார். ஐம்பது லட்சம் கிலோபைட் என்பது ஐம்பது லட்சம் பைட்டாகி, 5 ஜிபிக்கு அருகில் இருந்த கையிருப்பு 5 எம்பி ஆகிவிட்டது. கிராமையும் கிலோவையும் குழப்பினால் அந்தப் பட்டறையில் ஒரு நாள்கூட வேலை நிலைக்காது.

மூன்றாவது வழக்குதான் என்னை அதிகம் எரிச்சலூட்டியது. ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்டத்தின் அலுவலகத்தில், பறித்த பழத்தின் எடையையும் ஆட்களின் கூலியையும் பதியும் நிரல் ஒன்று, 4 ஜிபி ரேம் உள்ள லினக்ஸ் கணினியில் ஓடுகிறது. காலையில் நன்றாகத் தொடங்கும் அது, பத்து மணிக்கு மேல் ‘நினைவகம் குறைவு’ என்று பதிவு செய்ய மறுக்கிறது; தோட்டத்துக் கணக்கெழுதும் ரைட்டர் கணினியை அணைத்துப் போடுகிறார்; மறுபடி ஓடுகிறது; மதியத்துக்குள் மறுபடி மறுக்கிறது. பறிப்புக் காலத்தில் எடை போட வரிசையில் நிற்பவர்களை வைத்துக்கொண்டு ஒரு நாளைக்கு மூன்று முறை கணினியை அணைத்துப் போடுவது என்ன பாடு என்று அவரைத்தான் கேட்க வேண்டும். யாரோ ஒரு இளைஞர் உதவி செய்கிறேன் என்று வந்து, பத்து நிமிடத்துக்கு ஒரு முறை கேஷ் (ரேமில் வைத்திருக்கும் கோப்பு நகல்கள்) முழுவதையும் துடைத்தெறியும் கட்டளையை, குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானே ஓட்டும் கிரானில் போட்டுவிட்டுப் போயிருந்தார். அன்று முதல் மறுப்பது குறைந்தது. ஆனால் வாரக் கூலிப் பட்டியல் எடுக்கும்போது வன்தட்டு கதறத் தொடங்கியது. 20 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறிப் போய் நான் முதலில் செய்தது, அந்த ஒரு வரியை நீக்கியதுதான்.

பிறகு ‘ப்ராக்’ அடைவில் இருக்கும் ‘மெம்இன்ஃபோ’ கோப்பைத் திறந்து ரைட்டருக்குக் காட்டினேன். நிரல் மறுத்துக்கொண்டிருந்த அந்த நிமிடத்தில், ‘மெம்ஃப்ரீ’ என்ற வரியில் 1,82,416 கிலோபைட் என்று இருந்தது. அதற்கு அடுத்த வரியான ‘மெம்அவைலபிள்’ 26 லட்சம் கிலோபைட்டுக்கு மேல் காட்டியது. நிரல் முதல் வரியைப் படித்து, 500 எம்பி இல்லை என்று கையை விரித்துக்கொண்டிருந்தது. ஒரு வரி கீழே இறங்கிப் படித்திருந்தால் இரண்டரை ஜிபி கிடைத்திருக்கும்.

இங்கேதான் பலருக்கும் இருக்கும் பிடிவாதமான தவறான எண்ணத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. ரேம் காலியாகக் கிடந்தால் கணினி நலமாக இருக்கிறது என்றும், நிறைந்திருந்தால் நோயில் கிடக்கிறது என்றும் மக்கள் நம்புகிறார்கள்; நிரல் எழுதுபவர்களும் நம்புகிறார்கள் என்பதுதான் கொடுமை. ஓர் அலுவலகத்தில் பீரோவுக்குள் மூலப் பத்திரங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி தேவைப்படும் பத்திரங்களின் நகல்களை எடுத்து மேசைமேல் பரப்பி வைத்திருக்கிறார் குமாஸ்தா. மேசையில் ஒரு சாண் இடமும் காலியில்லை என்பது உண்மை. ஆனால் புதிதாக ஒருவர் வந்து பெரிய கணக்குப் புத்தகத்தை விரிக்க இடம் கேட்டால், குமாஸ்தா அந்த நகல்களைச் சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு இடம் தருவார். மூலம் பீரோவில் பத்திரமாக இருப்பதால் எதுவும் இழப்பில்லை. லினக்ஸும் விண்டோஸும் சும்மா கிடக்கும் ரேமில் வன்தட்டுக் கோப்புகளின் நகல்களை இப்படித்தான் பரப்பி வைக்கின்றன. கணினியைப் போட்ட காலையில் மேசை காலியாக இருக்கும், பத்து மணிக்கு நிறைந்துவிடும். ஏற்காட்டு நிரல் பத்து மணிக்கு மேல் மறுத்ததற்குக் காரணம் இவ்வளவுதான். மேசை காலியாக இருக்க வேண்டும் என்று பத்து நிமிடத்துக்கு ஒரு முறை நகல்களைக் கிழித்துப் போட்டால், குமாஸ்தா நாள் முழுவதும் பீரோவுக்கும் மேசைக்கும் நடந்துகொண்டே இருப்பார்.

‘ரேம் கிளீனர்’ என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கும் பொருள்களும் ஏறக்குறைய இதே காரியத்தைச் செய்பவைதான். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் நினைவகப் பக்கங்களை (சிறு துண்டுகளை) ரேமிலிருந்து வெளியே தள்ளி, காலி இடம் என்று ஒரு பெரிய எண்ணைப் பச்சை நிறத்தில் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றன. அடுத்த சொடுக்கில் அந்தப் பக்கங்கள் திரும்பி வர வேண்டியிருக்கிறது. அவற்றை நீக்கிவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்.

லினக்ஸ் தெரிந்த சிலர் ‘நான் வெறும் மெம்ஃப்ரீயைப் படிப்பதில்லை, பஃபரையும் கேஷையும் சேர்த்துக் கூட்டிக்கொள்கிறேன்’ என்று பெருமையாகச் சொல்வதுண்டு. அதுவும் பிழையே. நிரல்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் நினைவகமும், ரேமிலேயே உருவாக்கப்பட்ட கோப்புகளும் அந்தக் கேஷ் கணக்கில்தான் வருகின்றன. அவற்றுக்குப் பீரோவில் மூலம் கிடையாது, தூக்கி எறிய முடியாது. இந்தக் கூட்டலை ஆளுக்கு ஒரு விதமாகச் செய்து கெடுக்கிறார்கள் என்பதால்தான் 2014-இல் வந்த 3.14 கெர்னலில் (லினக்ஸின் மையப் பகுதியில்) மெம்அவைலபிள் என்ற வரியே சேர்க்கப்பட்டது. பைத்தானில் எழுதுபவர்கள் ‘பிஎஸ்யூட்டில்’ நூலகத்தைக் கேட்டால், அதுவும் ‘அவைலபிள்’ என்ற பெயரிலேயே இந்த எண்ணைத் தருகிறது. பக்கத்திலேயே ‘ஃப்ரீ’ என்றும் ஒன்று தரும், அதன் பக்கம் போகாதீர்கள். ஜாவாவில் ‘ஃப்ரீமெமரி’ என்று கேட்பவர்களுக்கும் ஒரு சொல்: அது ஜாவா தனக்கென்று ஒதுக்கிவைத்த குவியலில் மிச்சம் எவ்வளவு என்பதைச் சொல்கிறதே தவிர, கணினியைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்பது எனக்குத் தெரியும், ஏனென்றால் நானும் டர்போ சி வைத்துப் படித்தவன். அதில் ‘கோர்லெஃப்ட்’ என்று கேட்டால் மிச்ச நினைவகத்தைச் சொல்லும். டர்போ பாஸ்கலில் ‘மெம்அவைல்’ மொத்த மிச்சத்தையும், ‘மேக்ஸ்அவைல்’ ஒரே துண்டாகக் கிடைக்கும் பெரிய இடத்தையும் சொல்லும். 640 கேபிக்குள் ஒரே ஒரு நிரல் ஓடிய டாஸ் காலத்தில் அந்த எண் நம்பத் தகுந்தது. கேட்ட பிறகு வேறு யாரும் வந்து எடுத்துக்கொள்ளப் போவதில்லை. இன்று நீங்கள் கேட்டு விடை வாங்கிய அந்த நொடிக்குள் பிரவுசர் இன்னொரு பக்கத்தைத் திறந்திருக்கும், வைரஸ் தடுப்பு ஒரு கோப்பைப் படிக்க எடுத்திருக்கும். அஞ்சு ரோட்டில் வண்டி நிறுத்த இடம் இருப்பதாகக் கடையிலிருந்து யாரோ போனில் சொன்னதை நம்பி, நாலு ரோட்டிலிருந்து கிளம்பிப் போனவர்களுக்கு இது புரியும்.

மேலும், கணினியிடம் எவ்வளவு இருக்கிறது என்பதும் உங்கள் நிரலுக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதும் வேறு வேறு கேள்விகள். 32-பிட் நிரலுக்கு விண்டோஸில் வழக்கமாகக் கிடைக்கும் முகவரி இடம் 2 ஜிபிதான். கணினியில் 16 ஜிபி சும்மா கிடந்தாலும் அந்த எல்லையில் அது முட்டிக்கொள்ளும். கன்டெய்னருக்குள் (சர்வரில் ஒரு நிரலுக்கென்று தடுத்துக் கொடுக்கும் தனி அறைக்குள்) ஓடும் நிரல் மெம்இன்ஃபோவைப் படித்தால் பெரும்பாலும் சர்வரின் மொத்தக் கணக்கே தெரியும். அதற்கென்று விதிக்கப்பட்ட வரம்பு, லினக்ஸ் இத்தகைய வரம்புகளைக் குறித்துவைக்கும் சிகுரூப் கோப்புகளில் தனியாக இருக்கும்.

ஆகவே நிரல் எழுதும் தம்பி தங்கைகளே, கதவைத் திறக்கும்போதே கையிருப்பை விசாரித்து ஆளைத் திருப்பி அனுப்பும் வேலையை நிறுத்துங்கள். வேண்டிய இடத்தைக் கேளுங்கள். விண்டோஸ் தர முடியாவிட்டால் முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்லும், அந்த விடையைப் பார்க்காமல் கடந்து போகாதீர்கள். லினக்ஸ் அப்படியில்லை: இயல்பான அமைப்பில் அது தாராளமாக ஒப்புக்கொண்டு, நீங்கள் உண்மையாகவே எழுதத் தொடங்கும்போது இடமில்லாவிட்டால் ஏதாவதொரு நிரலைக் கொன்றுவிடும், கொல்லப்படுவது உங்களுடையதாகவும் இருக்கலாம். அதனால் அங்கே உங்கள் பசியை நீங்களே அளவாக வைத்துக்கொள்ள வேண்டும். ஆண்டு முழுவதற்கான பில்களையும் ஒரே மூச்சில் ரேமுக்குள் இழுக்காமல், ஆயிரம் ஆயிரமாக எடுத்து முடியுங்கள். எத்தனை ஆயிரம் என்று முடிவு செய்ய வேண்டுமானால் அவைலபிள் எண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள். அது அதற்கு மட்டுமே உதவும். எண்ணை 64-பிட் மாறியில் வாங்குங்கள். அலகு பைட்டா, கிலோபைட்டா, பக்கமா என்று ஆவணத்தில் பாருங்கள். அறிவிப்பில் ‘போதவில்லை’ என்று மொட்டையாக எழுதாமல், எவ்வளவு கேட்டோம், எவ்வளவு தெரிந்தது என்ற இரண்டு எண்களையும் எழுதுங்கள். அந்த ஒரு வரி இருந்திருந்தால் செவ்வாய்ப்பேட்டைக்காரர் ரேமே வாங்கியிருக்க மாட்டார்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். யாராவது ரேமைக் கூட்டச் சொன்னால், பணத்தை எடுக்கும் முன் அதே நிமிடத்தில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, செயல்திறன் பகுதியில் நினைவகம் என்பதைச் சொடுக்கி, கிடைக்கக்கூடியது எவ்வளவு என்ற எண்ணையும் மென்பொருளின் அறிவிப்பையும் ஒரே படத்தில் வருமாறு கைப்பேசியில் எடுத்து, மென்பொருள் விற்றவருக்கு அனுப்புங்கள். இரண்டு எண்களும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை என்றால், பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

ஏற்காட்டு நிரலில் ஒரே ஒரு சொல்லை மாற்றினோம், அதன் பிறகு ரைட்டர் கணினியை அணைத்துப் போடவில்லை. செவ்வாய்ப்பேட்டை நிரலின் மூல வரிகள் என் கையில் இல்லாததால், கடைக்காரரைப் பழைய பதிப்புக்கே திருப்பிவிட்டு, என் சோதனையின் இரண்டு விடைகளையும் மாற்ற வேண்டிய செயற்கூற்றின் பெயரையும் விற்றவர்களுக்கு எழுதி அனுப்பினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது. கணினியில் தற்போது எத்தனை ஜிபி ரேம் இருக்கிறது என்று தெரிவிக்குமாறு கேட்டிருந்தார்கள்.