மெயினை ஆஃப் பண்ணியாச்சு, டி.வி. ஏன் ஓடுது?

“அக்கா, மெயினை ஆஃப் பண்ணிட்டேன். ஸ்டூல் மேல நிக்கிறேன். ஃபேன் கப்பைக் கழட்டப் போறேன், நீங்க லைன்லயே இருங்க.”

கடலூர் புதுப்பாளையத்தில் எனக்குப் பழக்கமான வீடு. ஃபேனைச் சுற்ற வைக்கிற கண்டென்சரை மாற்றுவது எப்படி என்று அந்தப் பெண்ணுக்குப் போன வாரம்தான் சொல்லிக் கொடுத்திருந்தேன். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஏறிவிட்டாள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பின்னால் கார்ட்டூன் சத்தம் காதில் விழுகிறவரை.

“டி.வி. ஓடுதாம்மா?”

“ஆமாக்கா, பையன் பாத்துட்டிருக்கான்.”

“கையை எடு. கீழ இறங்கு.”

அந்த வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. மெயினை இறக்கியதும், ஊரில் கரண்டு போய்விட்டது என்று எடுத்துக்கொண்டு, அது பேட்டரியிலிருந்து ஃபேனுக்கும் லைட்டுக்கும் கரண்டு கொடுக்க ஆரம்பித்துவிட்டது. 12 வோல்ட் பேட்டரிதானே என்று அலட்சியமாக இருப்பவர்கள் உண்டு. பேட்டரியில் இருப்பது 12. இன்வெர்ட்டரிலிருந்து வயருக்கு வருவது 230. ஈ.பி. கரண்டு மாதிரியே அதுவும் ஆளைக் கொல்லும். இதில் தப்பு அவள்மேல் இல்லை, என்மேல். மெயினை ஆஃப் பண்ணு என்று சொன்ன நான், இன்வெர்ட்டர் சுவிட்சையும் ஆஃப் பண்ணு என்று சொல்லவில்லை. இன்வெர்ட்டரை மட்டும் நிறுத்தினாலும் போதாது, ஈ.பி. கரண்டு அதன் வழியாகவே வீட்டுக்குள் போய்க்கொண்டிருக்கும். இரண்டையும் நிறுத்த வேண்டும்.

2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் எங்கள் கடலூரைப் புரட்டிப் போட்ட பிறகு, பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்டு இல்லை. அதற்கப்புறம் நான் வேலைக்குப் போகிற வீடுகளில் பாதிக்கு மேல் இன்வெர்ட்டர் வந்துவிட்டது. ஆனால் ‘மெயினை ஆஃப் பண்ணு’ என்கிற பாட்டி காலத்து எச்சரிக்கை மட்டும் அப்படியே நிற்கிறது.

நான் எலக்ட்ரீஷியன். ஐ.டி.ஐ.யில் 2 வருஷம் படித்துவிட்டு, 21 வருஷமாக மஞ்சக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், கடலூர் ஓ.டி. என்று சுற்றிக்கொண்டிருக்கிறேன். எனக்கு வருகிற போன்களில் பெண்கள் பேசுவது பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: “ஏதோ போச்சுக்கா.” என்ன போச்சு என்று கேட்டால், “அவரு வந்தாதான் தெரியும்.” அவர் வந்தால் அவருக்கும் தெரியாது, அது வேறு விஷயம். ஆனால் அவர் ஸ்டூலில் ஏறிப் பார்ப்பார்.

பயத்தைப் போக்க என்ன செய்வது என்று கேட்பவர்களிடம் ஸ்க்ரூ டிரைவரைக் கொடுப்பதில்லை. ஒரு ஸ்கெட்ச் பேனாவைக் கொடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை பகலில் வீட்டு லைட், ஃபேன் எல்லாவற்றையும் போட்டுவிட்டு, இன்வெர்ட்டரை நிறுத்திவிட்டு, வீட்டு லைன்கள் பிரிகிற டி.பி. பெட்டியைத் திறந்து, கரண்டு மிஞ்சினால் தானாக விழுகிற சுவிட்சான எம்.சி.பி.யை ஒவ்வொன்றாக இறக்குங்கள். எது அணைகிறதோ அதன் பெயரை எழுதி அந்த சுவிட்சின் கீழே ஒட்டுங்கள். ஹால், சமையலறை, கீசர், மோட்டார். அரை மணி நேர வேலை. அன்றைக்குத்தான் வீடு உங்கள் கைக்குள் வரும்.

இது முடிந்தால் பாதி போன்கள் எனக்கு வராது. எம்.சி.பி. விழுந்துவிட்டதா? எந்த லைன் என்று பெயர் சொல்லும். அந்த லைனில் சொருகியிருப்பதை எல்லாம் பிடுங்கிவிட்டு மேலே தூக்குங்கள். நின்றால் ஒவ்வொன்றாகச் சொருகுங்கள். எதைச் சொருகும்போது விழுகிறதோ அதுதான் குற்றவாளி. எங்கள் பக்கம் பெரும்பாலும் அது மிக்சியாகவோ பழைய அயர்ன்பாக்ஸாகவோ இருக்கும். எதையும் சொருகாமலே விழுந்தால் கோளாறு வயரில். அங்கே நிறுத்திக்கொண்டு ஆளைக் கூப்பிடுங்கள். அடிக்கடி விழுகிறதே என்று 16 ஆம்பியர் இருந்த இடத்தில் 32 போடச் சொல்வார்கள். போட்டால் விழாது, வயர் எரியும். எம்.சி.பி. காப்பது வயரைத்தான். ஆளைக் காப்பது பக்கத்தில் இருக்கும் ஆர்.சி.சி.பி. 30 மில்லி ஆம்பியர் கரண்டு கசிந்தாலே விழுந்துவிடும். அதில் ‘T’ என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும், மாதம் ஒரு தடவை அமுக்கிப் பாருங்கள். விழவில்லை என்றால் அது சும்மா உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

கண்டென்சருக்கு வருவோம். ஃபேன் 5-இல் வைத்தும் 2-இல் ஓடுகிற மாதிரி இருந்தால், அல்லது கம்பால் தள்ளிவிட்டால்தான் சுற்றுகிறது என்றால், கண்டென்சர் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஆஃப் பண்ணிவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று இறுகினால் பேரிங், அது கடைக்குப் போகிற வேலை. லேசாகச் சுற்றினால் கண்டென்சரைப் பார்க்கலாம். மெயினையும் இன்வெர்ட்டரையும் நிறுத்திவிட்டு, சீலிங் பக்கத்துக் கப்பை இறக்கினால் சின்ன உருளையாக உட்கார்ந்திருக்கும். மேலே 2.5 மைக்ரோஃபாரட் என்றோ 3.15 என்றோ எழுதியிருக்கும். அதே எண் உள்ளதைத்தான் வாங்க வேண்டும். கழற்றுவதற்கு முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள், எந்த வயர் எங்கே என்று நினைவில் வைக்க முயலாதீர்கள், நானே வைப்பதில்லை. கரண்டு இல்லாவிட்டாலும் கண்டென்சரில் மிச்சம் நிற்கும். பிளாஸ்டிக் பிடி போட்ட ஸ்க்ரூ டிரைவரின் இரும்பு நுனியால் அதன் இரண்டு முனையையும் சேர்த்துத் தொட்டு இறக்கிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் டெஸ்டர். டெஸ்டர் எரியவில்லை, கரண்டு இல்லை என்று நம்பிவிடாதீர்கள், டெஸ்டரே செத்திருக்கலாம். முதலில் கரண்டு இருக்கிற ப்ளக்கில் (எல்லாம் நிறுத்தியிருந்தால் பக்கத்து வீட்டில்) வைத்து எரிகிறதா என்று பாருங்கள், அப்புறம் வேலை செய்யும் இடத்தில், அப்புறம் மறுபடி அதே ப்ளக்கில். கரண்டு வருகிற ஃபேஸ் வயரில் வைக்க வேண்டிய சுவிட்சை, அது திரும்பிப் போகிற நியூட்ரலில் கொடுத்துவிட்டுப் போன வயர்மேன்களின் வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். சுவிட்ச் ஆஃபில் இருக்கும், பல்பு எரியாது, ஹோல்டரில் கரண்டு நிற்கும்.

வீடியோ பார்த்துச் செய்பவர்களுக்கு ஒன்று. அமெரிக்க வீடியோவில் கறுப்பு வயர்தான் ஃபேஸ். நம் வீடுகளில் கறுப்பு நியூட்ரல், சிவப்பு ஃபேஸ், பச்சை எர்த். தேவனாம்பட்டினம் பக்கமென்றால் நிறத்தையும் நம்ப முடியாது. உப்புக் காற்றில் செம்பு முனை பச்சை பூத்து, ஸ்க்ரூ துருவில் ஒட்டிப் பொடியாக உதிரும். கடலோர வீடுகளில் சுவிட்ச்போர்டில் கருகிய வாடையோ சிடுசிடு சத்தமோ வந்தால் அன்றைக்கே ஆள் வர வேண்டும். டி.பி. பெட்டிக்குள் வயர் மாற்றுவது, மீட்டர் பக்கம் போவது, புது லைன் இழுப்பது எல்லாம் லைசென்ஸ் உள்ளவர் வேலை. காஸ் வாடை வந்தால் எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சைக்கூடத் தொடாமல் ஜன்னலைத் திறந்துவிட்டு, வெளியே வந்து 1906-க்கு அடியுங்கள்.

இவ்வளவு பேசுகிற நான், கார் விஷயத்தில் ‘ஏதோ போச்சு’ ஆள்தான். 43 வயதில் பழைய கார் ஒன்று வாங்கினேன். ஒரு ஒர்க்‌ஷாப்பில் முன்சக்கரத்தில் சத்தம் என்றேன். “சாரை வரச் சொல்லுங்க மேடம், அவர்கிட்ட பேசிக்கிறோம்” என்றார்கள். அன்றைக்குக் காலையில்தான் ஒரு கல்யாண மண்டபத்தின் த்ரீ ஃபேஸ் போர்டைச் சரிசெய்துவிட்டு வந்திருந்தேன். கோபம் வந்தது. ஆனால் பதில் சொல்ல வார்த்தை இல்லை. எந்தச் சத்தம், பிரேக் பிடிக்கும்போதா திரும்பும்போதா என்று சொல்ல எனக்கே தெரியவில்லை.

பிறகு ஒரு நாள் புதுச்சேரி போகிற வழியில், ரெட்டிச்சாவடி தாண்டுகிற இடத்தில் பஞ்சர். ஹேண்ட்பிரேக் போட்டு, கியரில் விட்டு, ஜாக்கி வைத்து ஏற்றினேன். நட்டைத் திருப்பினால் சக்கரமும் சேர்ந்து சுற்றுகிறது. கால் மணி நேரம் போராடினேன். கரும்பு டிராக்டர் ஓட்டிப்போன பெரியவர் ஒருவர் நிறுத்தி, இறங்காமலே சொன்னார்: “எறக்கிட்டு லூஸ் பண்ணும்மா, அப்புறம் ஏத்து.” போய்விட்டார். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டை அரைச் சுற்று தளர்த்த வேண்டும். துருப்பிடித்த நட்டு கைக்கு அசையவில்லை. ஸ்பேனரின் பிடி தரைக்குச் சமமாக நிற்கும்படி மாட்டி, அதன் நுனியில் காலால் அழுத்தினேன். நறுக்கென்று விட்டது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. மாட்டும்போது எதிரெதிர் நட்டாக முறுக்கினேன், கீழே இறக்கியபின் மறுபடி இறுக்கினேன். எல்லாம் முடிந்து பார்த்தால் ஸ்டெப்னியில் காற்று பாதிதான். பெட்ரோல் விலை குறைவு என்று கடலூர்க்காரர்கள் எல்லை தாண்டிப் போடும் கன்னியக்கோயில் பங்க்வரை உருட்டிக்கொண்டே போனேன். இப்போது நாலு சக்கரத்துக்குக் காற்று பிடிக்கும்போது ஸ்டெப்னிக்கும் பிடிக்கிறேன். எவ்வளவு என்பது டிரைவர் கதவோரம் ஸ்டிக்கரில் இருக்கும்.

2024 நவம்பர் 30 பெஞ்சல் புயல், அடுத்த 2 நாளில் சாத்தனூர் அணைத் தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கரையோரத் தெருக்களில் ஏறியது. வடிந்ததும் பலர் செய்த முதல் காரியம், கார் ஓடுகிறதா பார்ப்போம் என்று சாவியைத் திருப்பியது. காற்று போகிற வழியில் தண்ணீர் போயிருந்தால் பிஸ்டன் அதை அமுக்க முடியாது, தண்ணீர் சுருங்காது. உள்ளே பிஸ்டனைத் தாங்கும் தண்டு வளைந்து என்ஜின் பூட்டிக்கொள்ளும். தனியாக என்ஜின் காப்பீடு எடுக்காவிட்டால் இந்தச் செலவு பெரும்பாலும் உங்கள் தலையில்தான். பேட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றிவிட்டு, கட்டி இழுத்துப் போங்கள். வீட்டில் யார் “ஒரே ஒரு தடவை” என்று சொன்னாலும் சாவியைக் கொடுக்காதீர்கள்.

புதுப்பாளையத்துக்காரி அன்றைக்கு இன்வெர்ட்டரையும் நிறுத்திவிட்டுக் கண்டென்சரை மாற்றிவிட்டாள். பையன் அழுதானாம், கார்ட்டூன் போய்விட்டதென்று. நேற்று டி.பி. பெட்டியைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். பச்சை மையில் ஒவ்வொரு சுவிட்சுக்கும் கீழே பெயர்: ஹால், பெட்ரூம், சமையல், மோட்டார், ஏ.சி. கடைசி ஒன்றின் கீழே ‘தெரியல’ என்று ஒட்டியிருந்தது. இறக்கினாலும் ஏற்றினாலும் வீட்டில் எதுவும் அணையவில்லையாம். வீட்டுக்காரருக்கும் தெரியவில்லை, கட்டின மாமனாருக்கும் ஞாபகமில்லை.

ஞாயிற்றுக்கிழமை நானும் அவளும் சேர்ந்து தேடப்போகிறோம். மாடியில் மூடிவைத்த பழைய போர்டு ஒன்று இருக்கிறதென்று சொன்னாள்.