வாய்ப்பு வரும்வரை உடம்பு தாங்க வேண்டும்

சென்னை சாலிகிராமத்தில் பொது மருத்துவராக கிளினிக் நடத்துகிறேன். பிரசாத் ஸ்டுடியோவுக்கு நடந்தே போய்விடலாம். வடபழனி முருகன் கோயிலும் பக்கம்தான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் வருகிறவர்களில் இளவயசுக்காரர்களிடம் என்ன வேலை என்று கேட்டால், சிலர் "ஆர்ட்டிஸ்ட்" என்று சொல்வார்கள். பலர் கொஞ்சம் தயங்கி, "ட்ரை பண்ணிட்டிருக்கேன் டாக்டர்" என்பார்கள். சினிமா வாய்ப்பு தேடி அலைந்து, அப்படித் தயங்குகிறவர்களுக்காகவும், ஊரில் அவர்களுடைய ஃபோனுக்காகக் காத்திருக்கும் அப்பா அம்மாவுக்காகவும்தான் இதை எழுதுகிறேன். ஆட்களை அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். நோய்கள் அப்படியே இருக்கின்றன.

ஒருநாள் ராத்திரி எட்டரை மணி இருக்கும். இருபத்திரண்டு வயசுப் பெண், முகத்தில் மாஸ்க். சளி, காய்ச்சலா என்று கேட்டேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு மாஸ்க்கைக் கழற்றினார். கன்னம் இரண்டும் அடுப்பின் முன்னால் வெகுநேரம் நின்ற மாதிரி சிவந்திருந்தன. தோல் வெங்காயச் சருகாக மெலிந்து, உள்ளே ஓடும் ரத்தக் குழாய்கள் சிவப்பு நூல் போல வெளியே தெரிந்தன. தாடையோரம் பூனைமுடி அடர்ந்திருந்தது. கைப்பையிலிருந்து ஒரு சின்ன டப்பாவை எடுத்து மேசைமேல் வைத்தார். லேபிள் கிடையாது. பார்லரில் கலந்து கொடுத்த க்ரீம், எட்டு மாதமாகப் போடுகிறாராம். முதல் மூன்று வாரத்தில் முகம் பளிச்சென்று ஆகியிருக்கிறது. ஒரு விளம்பர ஆடிஷனில் இரண்டாவது ரவுண்டு வரை போயிருக்கிறார். அதற்கப்புறம் வெயிலில் நின்றால் எரிச்சல். ஒருநாள் க்ரீம் போடாவிட்டால் முகம் முழுக்க நெருப்பு.

இதை ஆரம்பித்து வைத்தது ஒரே ஒரு வரி. ஏதோ ஒரு கம்பெனியில் ஃபோட்டோவைப் பார்த்த ஒருவர், "ஃபேஸ் நல்லாருக்கும்மா, கலர்தான் கொஞ்சம் கம்மி" என்று சொல்லியிருக்கிறார். சொன்னவர் அன்றைக்கே மறந்திருப்பார்.

அந்த மாதிரி டப்பாக்களில் பெரும்பாலும் இருப்பது ஸ்டீராய்டு. பீட்டாமெத்தசோன், குளோபீட்டாசால், மொமெட்டாசோன் என்று பெயர்கள் மாறும். சில க்ரீம்களில் மொமெட்டாசோனோடு ஹைட்ரோகுயினோனும் ட்ரெட்டினாயினும் சேர்ந்திருக்கும். எக்ஸிமா, சொரியாசிஸ் போன்ற தோல் நோய்களுக்கு, இந்த இடத்தில், இத்தனை நாள் என்று அளந்து கொடுக்க வேண்டிய மருந்துகள் இவை. முகத்தில் மாதக்கணக்கில் தேய்த்தால் தோல் மெலியும், ரத்தக் குழாய்கள் விரியும், பரு கிளம்பும், முடி வளரும். ஆரம்பத்தில் வரும் பளபளப்பு, தோலின் எதிர்ப்பை மருந்து அமுக்கி வைத்திருப்பதால் வருவது. நிறுத்தினால் அமுக்கி வைத்ததெல்லாம் ஒரேயடியாக வெளியே வரும். அந்த எரிச்சலுக்குப் பயந்து மறுபடி அதே டப்பாவைத் திறப்பார்கள். 2018-இல் இந்த வகை ஸ்டீராய்டு க்ரீம்களை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் மத்திய அரசு சேர்த்துவிட்டது. இருந்தும் கடையில் பேரைச் சொல்லிக் கேட்டால் கிடைக்கத்தான் செய்கிறது.

இதைப் படிக்கிற யாராவது அப்படி ஒரு க்ரீம் போட்டுக்கொண்டிருந்தால், பயந்துபோய் இன்றைக்கே தூக்கிப் போடாதீர்கள். டப்பாவோடு தோல் மருத்துவரிடம் போங்கள். படிப்படியாகத்தான் நிறுத்த வேண்டும், சரியாக மாதங்கள் ஆகும். பணம் இல்லையென்றால் சென்னையின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் எல்லாவற்றிலும் தோல் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓபி சீட்டு வாங்கினால் போதும். வெள்ளையாக்கும் ஊசி என்று குளுட்டாதயோன் போடும் இடங்களுக்கும் போகாதீர்கள். நிறத்தை மாற்றுவதற்கென்று அந்த ஊசிக்கு அங்கீகாரம் கிடையாது.

பையன்களின் கதை வேறு. அவர்கள் மாஸ்க் போட்டுக்கொண்டு வருவதில்லை, தொளதொள சட்டையில் வருகிறார்கள். தேனிப் பக்கத்துப் பையன் ஒருவர் "மார்ல லேசா வலிக்குது டாக்டர்" என்று வந்தார். சட்டையைக் கழற்றச் சொன்னால் தோளும் கையும் சிற்பம் மாதிரி இருக்கின்றன. காம்புக்குக் கீழே மட்டும் இரண்டு பக்கமும் கெட்டியாக ஒரு கட்டி. என்ன ஊசி போடுகிறாய் தம்பி என்று கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது. ஆறு மாதமாக டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன். ஜிம்மில் தெரிந்த ஒரு அண்ணன் வாங்கித் தந்ததாம். சட்டையில்லாத ஒரு சண்டைக் காட்சிக்கு எடுப்பதாகச் சொல்லியிருந்தார்களாம்.

வெளியிலிருந்து இந்த ஹார்மோன் வரும்போது உடம்பு தன் சொந்த உற்பத்தியை நிறுத்திவிடும். விதைப்பை சுருங்கும், விந்தணு குறையும். மிச்சமாகும் ஹார்மோனில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோனாக மாறுவதால்தான் மார்பு வீங்குகிறது. கட்டி நாள்பட்டுவிட்டால் மாத்திரையில் கரையாது, அறுவைச் சிகிச்சைதான். ரத்தம் கெட்டிப்படும், நல்ல கொழுப்பு இறங்கும், இதயத் தசை தடிக்கும். ஊசியை நிறுத்தியபிறகு உடம்பு பழைய நிலைக்குத் திரும்ப மாதங்கள் ஆகும், சிலருக்கு வருஷமும் தாண்டும். கல்யாணமாகிக் குழந்தை இல்லை என்று பரிசோதனைக்குப் போகும்போதுதான் பலர் இதைப் பற்றி வாயே திறக்கிறார்கள்.

எனக்கு இதைவிடப் பயம், ஷூட்டுக்கு முந்தின நாள் தண்ணீரை நிறுத்திவிட்டு நீர் பிரியும் மாத்திரை போடும் பழக்கம். நரம்பு புடைத்துத் தெரிவதற்காகச் செய்கிறார்கள். சிறுநீரோடு பொட்டாசியமும் வெளியே போய்விடும். கைகால் இழுக்கும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். அந்த நிலையில் லைட்டுக்குக் கீழே சண்டை போட்டால் உயிரே போகலாம். பெரிய நடிகர்கள் உடம்பை ஏற்றி இறக்குவதைக் காட்டி என்னிடம் வாதாடுவார்கள். அவர்களுக்கு அதற்கென்று மாதக்கணக்கில் நேரமும், சமைத்துக் கொடுக்க ஆளும், பக்கத்திலேயே பயிற்சியாளரும் இருக்கிறார்கள். ஆறு பேர் ஒரு ரூமில் படுத்துக்கொண்டு, காலைச் சாப்பாட்டை டீயில் முடிக்கிறவர் அதைச் செய்ய முடியாது.

காலைச் சாப்பாடு என்றதும் ஞாபகம் வருகிறது. என் கிளினிக்கில் அதிகம் எழுதும் மருந்து வயிற்று எரிச்சலுக்குத்தான். டீ, பிஸ்கட், மதியம் ஒரு சமோசா, ராத்திரி பரோட்டா. ஒல்லியாக இருக்க வேண்டும் என்று பெண்கள் பட்டினி கிடக்கிறார்கள், காசு இல்லாமல் ஆண்கள் பட்டினி கிடக்கிறார்கள். பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12-க்குக் குறைந்தால் ரத்தசோகை. எட்டு, ஒன்பது என்று வரும் ரிப்போர்ட்டுகளைப் பார்க்கிறேன். டயலாக் மனசில் நிற்கவில்லை, கேமரா முன்னால் மூச்சு வாங்குகிறது, முகம் டல்லாக இருக்கிறது என்று வருகிறவர்களுக்குச் சில சமயம் இரும்புச்சத்து மாத்திரையும் மூன்று மாதச் சாப்பாடும் போதுமானதாக இருக்கிறது. அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் ஐந்து ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய். அங்கே போய் நிற்க வெட்கமாக இருக்கிறது, யாராவது பார்த்துவிடுவார்கள் என்று ஒரு தம்பி சொன்னார். அவரிடம் கொஞ்சம் கோபமாகவே பேசிவிட்டேன். பசியில் கிடப்பதற்கு வெட்கப்படாதவர் சாப்பிட ஏன் வெட்கப்பட வேண்டும்? அதோடு தினமும் இரண்டு முட்டை, ஒரு கை வேர்க்கடலை, சாயங்காலம் சுண்டல். முட்டை ஒன்றில் ஆறு கிராம் புரதம், நூறு கிராம் வேர்க்கடலையில் சுமார் இருபத்தைந்து கிராம். ஊர் பேர் தெரியாத புரதப் பவுடர் டப்பாவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பதைவிட இது மேல்.

ஷூட்டிங்குக்குப் போகிற பெண்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஜூனியர் ஆர்ட்டிஸ்ட்டுகளுக்கு கேரவன் கிடையாது. அவுட்டோரில் பாத்ரூம் இருக்காது என்று தெரிந்து, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் பேக்கப் வரை அடக்கிக்கொள்கிறார்கள். நீர்க்கடுப்போடு வருவார்கள். ஒரு தடவை என்றால் மாத்திரையில் போகும். காய்ச்சலும் குளிரும் முதுகு வலியும் சேர்ந்தால் அது சிறுநீரகம் வரை ஏறிவிட்டது என்று அர்த்தம், அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதைப் படிக்கிற புரொடக்‌ஷன் மேனேஜர் யாராவது இருந்தால், உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன். நூறு பேருக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்கிற உங்களால் ஒரு மொபைல் டாய்லெட் ஏற்பாடு செய்ய முடியும்.

தூக்கம் வரவில்லை என்று வருகிறவர்களிடம் நான் நேரம் எடுத்துப் பேசுவேன். மாத்திரை மட்டும் எழுதிக் கொடுங்கள் என்பார்கள். கொஞ்சம் பேசவிட்டால், "அம்மாகிட்ட ஷூட்டிங்ல இருக்கேன்னு சொல்லியிருக்கேன் டாக்டர், படம் எப்ப வரும்னு கேக்குறாங்க" என்று ஆரம்பிக்கும். பொங்கலுக்கு ஊருக்குப் போகாமல் இருப்பது, ஃபோனை எடுக்காமல் இருப்பது, கூட இருந்தவனுக்கு சான்ஸ் கிடைத்த அன்று ரூமுக்குத் திரும்பாமல் பீச்சில் உட்கார்ந்திருப்பது. ஏஜென்ட் என்று சொன்னவரிடம் கொடுத்த பணம் போய்விட்டதை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த ஒருவருக்கு வாரக்கணக்கில் தூக்கமில்லை. நடிக்க வைப்பதாகச் சொல்லி யார் உங்களிடம் பணம் கேட்டாலும் எழுந்து வந்துவிடுங்கள். ஏற்கனவே ஆன்லைனில் அனுப்பி ஏமாந்துவிட்டால் சைபர் கிரைம் உதவி எண் 1930-க்கு உடனே கூப்பிடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அந்த அளவுக்குப் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம். சாக வேண்டும் போல ஒரு நினைப்பு ஒருதரம் வந்தாலும் 104 அல்லது 14416-க்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். இரண்டுக்கும் கட்டணம் கிடையாது.

அப்பா அம்மாவுக்கு ஒரு வார்த்தை. "எப்ப படம் வரும்" என்று கேட்பதற்குப் பதிலாக "சாப்பிட்டியா, என்ன சாப்பிட்ட" என்று கேளுங்கள். என்னிடம் சொல்லாததை உங்களிடம் சொல்வார்கள். வீட்டு ரேஷன் கார்டில் அவர்கள் பெயர் இருந்து, குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டு அட்டை வாங்கி வையுங்கள். ஊரில் எடுத்த அட்டை சென்னையிலும் செல்லும்.

பெண் பிள்ளைகளைத் தனியாக அனுப்புகிறவர்கள் 2013-ஆம் வருஷத்துச் சட்டத்தைத் தெரிந்து வைத்திருங்கள். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்க உள் குழு கட்டாயம். பத்துப் பேர் இல்லாத சின்ன ஆபீஸ் என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர் குழுவிடம் போகலாம். புகார் கொடுக்கும் பெண் அங்கே சம்பளத்துக்கு இருக்க வேண்டும் என்றில்லை. மூன்று மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும், தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் கிடைக்கும். அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181. காயத்தோடு என்னிடம் வந்து, ஊருக்குத் தெரிந்தால் திரும்பக் கூப்பிட்டுக்கொள்வார்கள் என்று வாயை மூடிக்கொண்ட பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். பிள்ளை சொன்னால் முதலில் நம்புவோம் என்று இப்போதே சொல்லிவிடுங்கள்.

இவ்வளவு கஷ்டம் எதற்கு, ஊருக்குப் போங்கள் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டேன். 1936-இல் முதல் படத்தில் சின்ன வேஷம் போட்ட எம்.ஜி.ஆர். கதாநாயகன் ஆனது 1947-இல். பதினோரு வருஷம். 1990-இல் அறிமுகமான விக்ரம் ஜெயித்தது 1999 டிசம்பரில். நடுவில் மற்ற ஹீரோக்களுக்குக் குரல் கொடுத்தார், அஜித்தின் முதல் தமிழ்ப் படத்திலும் அவர் குரல்தான். விஜய் சேதுபதி கூத்துப்பட்டறை நாடகக் குழுவில் கணக்கு எழுதிக்கொண்டே நடிப்பைப் பார்த்துப் பழகியவர், 2010-இல்தான் கதாநாயகன் ஆனார். மருத்துவராக எனக்கு இந்தக் கதைகளில் படுவது அந்த வருஷக் கணக்குதான். ஒன்பது வருஷம், பதினோரு வருஷம் காத்திருக்க ஈரலும் இதயமும் சிறுநீரகமும் கூடவே வர வேண்டும். ஆறு மாதத்தில் முகத்தை மாற்றித் தருகிறேன், மூன்று மாதத்தில் உடம்பை ஏற்றித் தருகிறேன் என்பவர்களுக்கு அந்தக் கணக்கு கிடையாது. அதனால், காத்திருக்கும் வருஷங்களுக்கு ஒரு வேலை வைத்துக்கொள்ளுங்கள். டெலிவரி, டப்பிங், கணக்கு எழுதுவது, எதுவானாலும் சரி. வேளைக்குச் சாப்பாடு வருமளவுக்குச் சம்பாதிக்கிறவர்கள் என்னிடம் குறைவாகத்தான் வருகிறார்கள்.

மாஸ்க் போட்டு வந்த பெண்ணைத் தோல் மருத்துவரிடம் அனுப்பினேன். முதல் இரண்டு மாதம் ரொம்பக் கஷ்டப்பட்டார். கண்ணாடியைத் துணி போட்டு மூடி வைத்திருந்தாராம். ஏழாவது மாதம் மறுபடி வந்தார், இந்தத் தடவை மாஸ்க் இல்லை. கன்னத்தில் அந்தச் சிவப்பு நூல்கள் கொஞ்சம் மிச்சம் இருக்கின்றன, சில போகவே போகாது. நிறம் பழையபடி அவருடைய சொந்த நிறம். ஒரு சீரியலில் கதாநாயகியின் தோழியாக மூன்று நாள் வேலை கிடைத்திருக்கிறது, மேக்கப் போடலாமா என்று கேட்க வந்திருந்தார். எதைப் போடலாம், எதைத் தொடக் கூடாது, ஷூட் முடிந்ததும் எதில் கழுவ வேண்டும் என்று சீட்டில் எழுதிக் கொடுத்தேன். சீட்டை மடித்து ஃபோன் கவருக்குள் வைத்துக்கொண்டு, "மூணு நாள்தான் சொல்லியிருக்காங்க டாக்டர், நல்லாப் பண்ணா நீட்டிப்பாங்களாம்" என்றார். காலையில் ஆறு மணிக்கு கால்ஷீட். சாப்பிட்டுவிட்டுப் போவாயா என்று கேட்டேன். முட்டை வேக வைத்து எடுத்துப் போவதாகச் சொன்னார்.