ஹீரோ: நாயகனா, வீரனா? ஒரு சொல் விளக்கம்

திரைப்படங்களிலும் கார்ட்டூன்களிலும் நம் மனத்தில் நின்றுவிட்ட பாத்திரங்களைச் சுட்டும்போது, ‘ஹீரோ’ என்னும் ஒரே சொல்லை நாம் இரு வேறு பொருள்களில் ஆள்கிறோம். கதை யாரைச் சுற்றி நகர்கிறதோ அவர் ஹீரோ. பிறரைக் காக்கத் தன் உயிரையும் பொருட்படுத்தாதவரும் ஹீரோ. பெரும்பாலான கதைகளில் இருவரும் ஒருவரே என்பதால் இந்த வேறுபாடு கண்ணுக்குத் தெரிவதில்லை. அச்சொல்லுக்கு நிகரான தமிழ்ச் சொல்லைத் தேடத் தொடங்கியதும், ஒரு சொல் போதாது என்பது தெரிந்துவிடுகிறது.

சொல்லின் வேர் கிரேக்க மொழியில் இருக்கிறது. ‘ஹீரோஸ்’ என்ற கிரேக்கச் சொல்லை ஹோமரின் காப்பியங்கள் போர்மறவர்களுக்கு வழங்கின. ஹெசியட் என்னும் கவிஞர் மனிதகுலத்தின் தலைமுறைகளை வரிசைப்படுத்தியபோது, வெண்கலத் தலைமுறைக்கும் இரும்புத் தலைமுறைக்கும் நடுவே இந்த வீரர்களை வைத்து, அவர்களைப் பாதித்தெய்வங்கள் என்றே குறித்தார். மாண்ட பின்பு அவர்களுடைய கல்லறைகளில் வழிபாடும் நடந்தது. அதாவது, தொடக்கத்தில் இச்சொல் மனிதனுக்கும் தெய்வத்துக்கும் இடைப்பட்ட ஒருவரையே குறித்தது. இலத்தீன் வழியாக 14-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்தை அடைந்த பிறகு, அது மெல்ல மெல்ல மண்ணுக்கு இறங்கித் துணிவுமிக்க எந்த மனிதரையும் குறிக்கலாயிற்று. 17-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நாடகம், கதை ஆகியவற்றின் முதன்மைப் பாத்திரம் என்ற பொருளும் அதன்மேல் ஏறியது. காப்பியங்களின் முதன்மைப் பாத்திரங்கள் வீரர்களாகவே இருந்ததால் இந்த ஏற்றம் இயல்பாக நிகழ்ந்தது. இன்றைய குழப்பத்தின் தொடக்கமும் அதுவே.

தமிழ் இலக்கண மரபு இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளவில்லை. அகப்பாடல்களின் முதன்மை ஆண்மகன் தலைவன், கிழவன் அல்லது கிழவோன் எனப்பட்டான். ‘சுட்டி ஒருவர்ப் பெயர்கொளப் பெறாஅர்’ என்று தொல்காப்பியம் விதித்திருப்பதால் அவனுக்குப் பெயர்கூட இல்லை. அவன் வீரனாக இருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அவன் பாடலின் நடுவில் நிற்பவன், அவ்வளவே. காதல் நிகழ்ச்சிகளை வரிசையாகக் கோத்துப் பாடும் பிற்காலக் கோவை நூல்கள் இன்னும் நுட்பமாகப் பிரித்தன. எவருடைய புகழுக்காகப் பாடல் பாடப்படுகிறதோ அவர் பாட்டுடைத் தலைவர். பாடலுக்குள் காதலித்து, பேசி, பிரிந்து, கூடுபவன் கிளவித் தலைவன். திருக்கோவையாரில் பாட்டுடைத் தலைவர் சிவபெருமான். கிளவித் தலைவன் பெயரில்லா இளைஞன். போற்றப்படுபவர் வேறு, கதையை நடத்துபவர் வேறு என்ற இந்தத் தெளிவு ‘ஹீரோ’ என்ற சொல்லில் கிடையாது.

இன்று பரவலாக வழங்கும் நாயகன், கதாநாயகன் ஆகியவை வடமொழியிலிருந்து வந்தவை. ‘நீ’ என்னும் வினையடிக்கு ‘நடத்திச் செல்’ என்று பொருள். ஆகவே நாயகன் என்பவன் வழிநடத்துபவன். இச்சொல்லிலும் வீரம் உட்பொருளாக இல்லை. நாடக மேடையில் முதன்மை வேடத்தை ‘ராஜபார்ட்’ என்று அழைத்த வழக்கும் பாத்திரத்தின் குணத்தைச் சொல்லாமல் அதன் இடத்தையே சொன்னது. திரைப்படத்தில் ‘ஹீரோ யார்?’ என்று கேட்கும்போது முதன்மை வேடத்தில் நடிப்பவர் யார் என்று நாம் புரிந்துகொள்வது இந்த மரபின் தொடர்ச்சியே. ஆகவே கதையின் மையப் பாத்திரத்தைக் குறிக்க நாயகன், கதைத்தலைவன் என்ற இரண்டும் பொருந்தும். தண்டியலங்காரம் என்னும் அணியிலக்கண நூல் காப்பியத்துக்கு வேண்டும் என்று கூறும் ‘தன்னிகர் இல்லாத் தலைவன்’ என்பதை எண்ணி, நான் கதைத்தலைவன் என்பதையே விரும்புவேன்.

இரண்டாவது பொருளுக்கு வீரன் என்பதே எல்லோருக்கும் விளங்கும் சொல். அதுவும் வடசொல்லே, ஆண்மகன் என்று பொருள்படும் இலத்தீன் ‘விர்’ அதன் உறவு. ஆனால் வீரம் என்றால் என்ன என்பதற்குத் தொல்காப்பியம் தரும் விளக்கம் வேறு எந்த அகராதியிலும் கிடைக்காத ஆழம் உடையது. பிற்காலத்தார் வீரச்சுவை என்று வழங்கியதை அது ‘பெருமிதம்’ என்று அழைத்து, ‘கல்வி தறுகண் இசைமை கொடை’ என்ற நான்கையும் அதன் நிலைக்களன்களாக, அதாவது அது பிறக்கும் இடங்களாக, வைக்கிறது. தறுகண் என்னும் அஞ்சாமை அந்த நான்கில் ஒன்று மட்டுமே. நாம் நெஞ்சில் வைத்துப் போற்றும் அசைவூட்டப் பாத்திரங்களை இந்த அளவுகோலால் அளந்து பார்த்தால் அது எவ்வளவு சரி என்பது விளங்கும். 1999-இல் வெளியான ‘தி அயர்ன் ஜயன்ட்’ படத்தில் கதை ஹோகார்த் என்னும் சிறுவனோடு நடக்கிறது. ஆனால் நகரத்தை நோக்கி வரும் ஏவுகணையின் மீது தானே சென்று மோதி எல்லோரையும் காப்பது அந்த இரும்புப் பேருருவம். படைக்கலமாகவே உருவாக்கப்பட்ட ஒன்று, தான் ஆயுதமாக இருக்க மாட்டேன் என்று முடிவு செய்து தன்னையே கொடுப்பது கொடைப் பெருமிதம். 2014-இல் வந்த ‘பிக் ஹீரோ 6’ படத்தின் ஹிரோ ஹமாதா உடல் வலிமையில்லாத சிறுவன். அவனுடைய துணிவு முழுவதும் அவன் கற்ற எந்திரவியலிலிருந்து வருகிறது. கல்வியை வீரத்தின் முதல் நிலைக்களனாக வைத்த ஆசிரியருக்கு அவனைப் பற்றி வியப்பு ஏற்பட்டிராது. மறுபக்கம், 1995-இல் வெளியான ‘டாய் ஸ்டோரி’யின் வுடி, புதிதாக வந்த பஸ் லைட்இயர் மீது பொறாமை கொண்டு நடக்கும் தொடக்கக் காட்சிகளில் ஐயமின்றிக் கதைத்தலைவன்; ஆனால் வீரன் என்ற பெயரைப் படம் வளர வளரத்தான் அவன் ஈட்டுகிறான்.

அடுத்தது ‘சூப்பர் ஹீரோ’. 1938-இல் சூப்பர்மேனும், 1939-இல் பேட்மேனும், 1941-இல் வொண்டர் உமனும் படக்கதைகளில் தோன்றிய பிறகு இச்சொல் உலகெங்கும் பரவியது. கிரேக்கர்களின் ஹீரோ ஏற்கெனவே மனித எல்லையைக் கடந்தவர். சொல் தேய்ந்து சாதாரண மனிதருக்கும் உரியதாகிவிட்டதால், இழந்த பழம்பொருளை மீட்க ‘சூப்பர்’ என்ற முன்னொட்டு தேவைப்பட்டது என்றே நான் இதைப் பார்க்கிறேன். வேற்றுக்கோளில் பிறந்த சூப்பர்மேனும், கிரேக்கத் தொன்மத்தின் அமேசான் மகளிரில் ஒருவராகப் படைக்கப்பட்ட வொண்டர் உமனும் அந்தப் பாதித்தெய்வங்களின் வழிவந்தவர்களே.

‘சூப்பர்’ என்னும் இலத்தீன் முன்னொட்டுக்கு மேலே என்று பொருள். தமிழில் அதே பொருளில் ‘மீ’ இருக்கிறது. ‘மீக்கூறும் மன்னன் நிலம்’ என்ற குறளில் மேலாகப் புகழ்தலை அது உணர்த்துகிறது, மீயொலி, மீக்கடத்தி ஆகிய அறிவியல் சொற்களிலும் அதுவே வருகிறது. இதைக் கொண்டு உருவான ‘மீநாயகன்’ இணையத் தமிழில் வழங்குகிறது. சொல் சுருக்கமானது, ஒலிக்கவும் எளிது. எனினும், பலர் சேர்ந்து போரிடும் கதைகளில் எல்லோரும் நாயகர்களாக முடியாது. அவர்களை ஒன்றுபடுத்துவது ஆற்றலும் வீரமுமே. எனவே ‘மீத்திறன் வீரர்’ என்பது கூடுதல் பொருத்தம் உடையது. படக்கதை மொழிபெயர்ப்பாளர்கள் முன்னொட்டு எதையும் நாடாமல் வேறு வழியிலும் சென்றார்கள்: மின்சாரம் பாய்ந்ததும் எஃகுக் கை தவிர உடல் முழுவதும் மறைந்துபோகும் பாத்திரத்துக்கு, 1972-இல் முத்து காமிக்ஸ் ‘இரும்புக்கை மாயாவி’ என்று பெயர் வைத்தது. பாத்திரத்தின் ஆற்றலே பெயராகிவிட்ட அந்த ஆக்கத்துக்கு ஈடான ஒன்றைக் காண்பது அரிது.

பெண்பாலில் கவனம் தேவை. ‘ஹீரோயின்’, ‘கதாநாயகி’ ஆகியவை திரைப்பட வழக்கில் நாயகனின் இணை என்ற அளவுக்குச் சுருங்கிவிட்டன. அசைவூட்டப் படத்தில் தந்தைக்குப் பதிலாகத் தானே போர்க்களம் புகும் முலான் என்னும் பெண்ணுக்கு அவை பற்றா. அவளைக் கதைத்தலைவி என்றும் வீராங்கனை என்றும் சொல்லலாம். எந்திரம், விலங்கு, பொம்மை ஆகியவை மையமாக வரும் படங்களுக்குப் பால் காட்டாத ‘முதன்மைக் கதைமாந்தர்’ உதவும். ‘எதிர்நாயகன்’ என்பதைச் சிலர் வில்லனுக்கும், சிலர் உயர்குணமில்லாத கதைத்தலைவனுக்கும் ஆள்கிறார்கள். கதைத்தலைவனுக்கு எதிராக நிற்பவனைப் பகைவன் என்று தனியே குறித்துவிட்டு, உயர்குணமின்றியே கதையை நடத்துபவனுக்கு மட்டும் அச்சொல்லை ஒதுக்குவது நல்லது.