ஆல்பம்: சொல் விளக்கம்

ஆல்பம் என்றதும் நமக்குக் கல்யாண ஆல்பம்தான் நினைவுக்கு வரும். பாட்டுத் தொகுப்புக்கு அந்தப் பெயர் வந்ததும் அப்படியொரு ஏட்டின் வழியாகத்தான்.

வேர், வெள்ளை என்று பொருள்படும் 'அல்பஸ்' என்ற லத்தீன் சொல். பழைய ரோமில் அரசு அறிவிப்புகளையும் பெயர்ப் பட்டியல்களையும் எழுதிவைத்த வெள்ளைப் பலகைக்கு ஆல்பம் என்று பெயர். 16ஆம் நூற்றாண்டு ஜெர்மன் மாணவர்கள் நண்பர்களிடம் கையெழுத்து வாங்கிய ஏட்டையும் அப்படியே அழைத்தார்கள். அப்புறம் தபால்தலை, புகைப்படம் எல்லாம் அந்த ஏட்டில் ஏறின.

நிமிடத்துக்கு 78 சுற்று சுற்றும் பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, நான்கு நிமிடந்தான் அடங்கும். நீண்ட இசை என்றால் பல தட்டுகள் தேவை. அவற்றை உறைகளில் செருகி, கெட்டி அட்டை போட்டு ஏடு போல் விற்றார்கள். அதற்கும் ஆல்பம் என்றே பெயர். 1948இல் கொலம்பியா நிறுவனம் நெடுந்தட்டை (எல்.பி.) கொண்டுவந்ததும் எல்லாம் ஒரே தட்டில் அடங்கிவிட்டது. ஏடு போனது, பெயர் நின்றுவிட்டது.

ஆல்பம் என்பது தட்டா, உள்ளே இருக்கும் இசையா என்ற இந்தக் குழப்பத்தை வைத்தே விளையாடியவர் ஜான் லைடன். தான் பாடிய 'செக்ஸ் பிஸ்டல்ஸ்' என்ற இங்கிலாந்து பங்க் ராக் குழு உடைந்த பின் 1978இல் பப்ளிக் இமேஜ் லிமிடெட் குழுவைத் தொடங்கிய போஸ்ட்-பங்க் (பங்க் ராக்கை அடுத்து எழுந்த இசைப் பாணி) பாடகர். அவர்கள் 1986இல் வெளியிட்ட தட்டின் பெயரே 'ஆல்பம்'. அதுவே கேசட்டில் வந்தால் பெயர் 'கேசட்', குறுந்தட்டில் 'காம்பேக்ட் டிஸ்க்'. கடையில் விற்கும் பெயரில்லாச் சரக்கு மாதிரி உறை. உள்ளே இருந்த ஆட்களோ லேசுப்பட்டவர்கள் அல்லர். தயாரிப்பாளர் பில் லாஸ்வெல் திரட்டிய விருந்தினர் கலைஞர்கள்: கிதாருக்கு ஸ்டீவ் வாய், டிரம்ஸுக்கு ஜிஞ்சர் பேக்கரும் டோனி வில்லியம்ஸும், கீபோர்டுக்கு ரியூச்சி சகமோட்டோ. வயலின் நம்ம எல். சங்கர். சென்னையில் பிறந்து யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, இந்திய இசையையும் ஜாஸையும் கலந்த 'சக்தி' குழுவில் வாசித்தவர். 'ரைஸ்' பாட்டில் லைடனின் கரகரப்புக்குப் பக்கத்தில் அந்த வில் இழுப்பைத் தனியாகக் கேட்டுப் பாருங்கள்.

சரி, தமிழில் என்ன சொல்வது? புகைப்படத்துக்கானால் படத்தொகுப்பு, செருகேடு என்றொரு சொல்லும் உண்டு. இசைக்கு இசைத்தொகுப்பு. எட்டுத்தொகை கண்ட மொழிக்கு 'இசைத்தொகை' இன்னும் அழகு என்பது என் கட்சி, ஆனால் புழக்கத்தில் இருப்பது முன்னதுதான். 'இசைத்தட்டு' பொருளைக் குறிக்கும், உள்ளடக்கத்தை அல்ல. லைடனின் தலைப்பை மட்டும் 'இசைத்தட்டு' என்றே பெயர்க்க வேண்டும், இல்லாவிட்டால் கிண்டல் போய்விடும். 'ஸ்டுடியோ ஆல்பம்' என்பதற்கு, கச்சேரிப் பதிவிலிருந்து பிரித்துக் காட்ட வேண்டிய இடத்தில் மட்டும் 'ஒலிப்பதிவுக்கூடத் தொகுப்பு' என்று எழுதலாம். மற்ற இடங்களில் இசைத்தொகுப்பே போதும்.

இங்கே 'ஆல்பம் சாங்' என்பது வேறு. சினிமாவில் வராத தனிப்பாட்டு என்றுதான் அதற்கு அர்த்தம். பெரும்பாலும் ஒரே பாட்டு, தொகுப்பே கிடையாது. அதைத் 'தனியிசைப் பாடல்' என்று எழுதுவதே சரி.