ரேஷன்: படியா, பங்கா?

மாதம் பிறந்தால் எங்கள் தெருவில் கேட்கும் முதல் கேள்வி, “ரேஷன்ல இன்னைக்கு என்ன போடுறாங்க?” என்பதுதான். கடை, அரிசி, அட்டை என எல்லாவற்றோடும் ஒட்டிக்கொண்ட இந்தச் சொல் ஆங்கிலம் வழியாக நமக்கு வந்தது. மூலம் லத்தீனில் உள்ள ‘ராத்தியோ’. அதன் பொருள் ‘கணக்கு’. பிரெஞ்சில் அது படைவீரனுக்கு நாளொன்றுக்கு இவ்வளவு என்று அளந்து தரும் உணவாயிற்று. இரண்டாம் உலகப் போர்க்காலத் தட்டுப்பாட்டில் இங்கும் தானியத்தை அளந்து கொடுக்க வேண்டிவந்தபோது வீட்டுப் பேச்சுக்குள் நுழைந்தது. கோடையில் “தண்ணியையும் ரேஷன்ல விடுறாங்க” என்கிறோமே, அந்தத் தட்டுப்பாடு அதில் இன்னும் இருக்கிறது.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? அளந்து கொடுப்பது என்று பார்த்தால் மிக நெருங்கி வருவது ‘படி’. அளக்கும் பாத்திரமும் படி, அன்றாடச் செலவுக்குத் தரும் தொகையும் படி. அகவிலைப்படி, பயணப்படி எல்லாம் அப்படி வந்தவை. 1967 தேர்தலில் தி.மு.க. ‘ரூபாய்க்கு மூன்று படி அரிசி’ என்றபோது யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. ஆனால் ‘நமக்குப் படியளக்கிறவர்’ என்று சொல்லும்போதே கை கட்டி நிற்கிற தோரணை வந்துவிடுகிறது. அதனால் எனக்கு இந்தச் சொல் வேண்டாம்.

‘பங்கீடு’தான் பொருத்தம். பகு, பகிர், பகுதி, பங்கு எல்லாம் ஒரே வேர். குறளில் வரும் ‘பாத்தூண்’, அதாவது பகுத்து உண்ணும் உணவு, அதுவும் இந்த வேரில் கிளைத்ததுதான். பங்கைக் கெஞ்சிக் கேட்பதில்லை. பங்காளி உரிமையோடு கேட்பான். இலங்கைத் தமிழர் பேச்சில் ‘கூப்பன்’ என்றாலும் எழுத்தில் ‘பங்கீட்டு அட்டை’ உண்டு. தமிழ்நாட்டு அரசு எழுதுவது ‘குடும்ப அட்டை’, ‘நியாய விலைக் கடை’. நல்ல சொற்கள்தான், பங்குதான் அதில் காணோம்.

இத்தனைக்கும் பங்கு என்று சொல்லத் தகுதியுள்ள திட்டம் இது. 1997-இல் மத்திய அரசு குடும்பங்களை வறுமைக் கோட்டுக்கு மேல், கீழ் என்று பிரித்தபோது, தமிழ்நாடு பிரிக்காமல் எல்லோருக்குமான திட்டமாகவே வைத்துக்கொண்டது. 2016 நவம்பரில் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வந்த பிறகு அட்டைகளில் ‘முன்னுரிமை’, ‘முன்னுரிமையற்ற’ என்ற வகைகள் வந்தன. ஆனாலும் அரிசி அட்டை வைத்திருக்கும் இரு வகையினருக்கும் அரிசி விலையில்லாமல்தான். 2011 ஜூன் முதல் அப்படித்தான். அதற்கு அரசு ‘இலவசம்’ என்ற சொல்லை விட்டுவிட்டு ‘விலையில்லா அரிசி’ என்று எழுதியதை நான் மதிக்கிறேன்.

பேச்சில் மட்டும் ‘போடுறாங்க’ போகவில்லை. பிச்சைக்கும் அதே வினைதானே, காதில் விழும்போதெல்லாம் உறுத்துகிறது.

போன மாதம் வரிசையில் எனக்கு முன்னால் ஒரு பாட்டி. பாத்திரம் தேய்த்தே தேய்ந்த கை, கருவியில் ரேகை விழவில்லை. முந்தானையில் துடைத்துத் துடைத்து மூன்று தடவை வைத்தார். “வேற விரல் வைங்கம்மா” என்றார் விற்பனையாளர். இடது கை மோதிர விரலில் பில் வந்தது. அரிசிப் பையைக் கட்டிக்கொண்டே பாட்டி கேட்டார்: “எம் பருப்பு எங்கய்யா?”

“இன்னும் வரலம்மா. வந்ததும் எடுத்து வைக்கிறேன்.”