டஸ்ஸாக் புல் என்றால் தூர்ப்புல்

‘டஸ்ஸாக்’ புல்லைத் தமிழில் சொல்ல வேண்டி வந்தால் பலரும் ‘புதர்ப்புல்’ என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. புதர் என்றாலே கிளையும் முள்ளும் பின்னிக்கிடப்பதுதான் கண்முன் வரும், இந்தப் புல்லோ ஒரே அடியிலிருந்து நெருக்கமாகக் கிளம்பி ஒரு பெரிய கட்டாக நிற்கும்.

ஆங்கிலத்தில் 16-ஆம் நூற்றாண்டில் ‘டஸ்ஸாக்’ என்ற சொல்லுக்குத் தலைமுடிக் கற்றை என்றுதான் பொருள், புல்லுக்கு வந்தது பிற்பாடு. பார்வைக்குப் பொருத்தமான பெயர்தான். ஆனால் இந்தப் புல் ஏன் கற்றையாக வளர்கிறது என்பதற்கான விடை இலையுறையில் இருக்கிறது.

புல்லிலையின் அடிப்பகுதி தண்டைச் சுற்றி உறைபோல மூடியிருக்கும், அதற்குள் இருக்கும் மொட்டிலிருந்துதான் புதுத் தண்டு வரும். ‘அருகுபோல் வேரோடி’ என்று வாழ்த்துகிறோமே, அந்த அருகம்புல்லின் தண்டு பக்கவாட்டில் தரையோடு ஓடி, கணுவுக்குக் கணு வேர்விட்டு எங்கும் பரவிவிடும். தூர்ப்புல்லில் அப்படி ஓடுவதில்லை. இளந்தண்டு உறையைக் கிழிக்காமல் அதற்குள்ளேயே தாய்த்தண்டை ஒட்டி மேலே ஏறிவிடும், இப்படியே ஆண்டுக்கணக்கில் தண்டோடு தண்டு சேர்ந்து தூர் பருத்துக்கொண்டே போகும். காய்ந்த பழைய உறைகளும் சீக்கிரம் உதிராமல் அடியில் தங்கி, குருத்தைப் பனியிலிருந்தும் வறட்சியிலிருந்தும் காக்கும். வயதான தூரில் நடுப்பகுதி செத்து, உயிருள்ள தண்டுகள் வளையமாக நிற்பதும் உண்டு.

ஃபாக்லாந்து தீவுகளில் வளரும் போவா ஃபிளபெல்லாட்டா என்ற புல் இப்படித் தூர் பருப்பதன் உச்சம். தன் காய்ந்த இலையும் வேரும் சேர்ந்த மேட்டின்மேல் நின்றுகொண்டு ஆளுயரத்தையும் தாண்டும். நியூசிலாந்தின் கியோனோகுளோவா என்ற தூர்ப்புல் இனங்கள் சில ஆண்டுகளில் கொத்துக் கொத்தாகப் பூக்கும், சில ஆண்டுகளில் பூவே அரிது; முந்தைய கோடையின் வெப்பம்தான் அதைப் பெரும்பாலும் தீர்மானிக்கிறது.

சரி, ஏன் ‘தூர்’? நெல்லிலும் கரும்பிலும் ஒரே அடியிலிருந்து பக்கத்தண்டுகள் வெடிப்பதை ‘தூர் கட்டுகிறது’ என்கிறோம், இந்தப் புல் செய்வதும் அதையேதான். ‘தூர் வாருதல்’ நினைவுக்கு வந்து குழப்பாதா என்று கேட்கலாம். பக்கத்தில் ‘புல்’ இருக்கும்போது யாரும் வண்டலை நினைக்கப்போவதில்லை. ‘குத்துப்புல்’ என்றும் சொல்லலாம்தான், ஆனால் ‘குத்துச்செடி’ ஏற்கெனவே வேறு வகைக்குப் போய்விட்டது.

வெட்டிவேரும் தூர்ப்புல்தான். ‘வெட்டிவேர்’ என்ற தமிழ்ப் பெயரிலிருந்தே ‘வெட்டிவேரியா’ என்ற தாவரவியல் பேரினப் பெயர் வந்தது, இப்போது அந்தப் புல்லைக் கிரைசோபோகன் பேரினத்தில் சேர்த்திருக்கிறார்கள். பயிரிடப்படும் வெட்டிவேர் வகைகள் பெரும்பாலும் முளைக்கும் விதை தருவதில்லை, தூரைப் பிரித்துத்தான் நடவேண்டும்.